முதல் தூக்கம்

ஏறக்குறைய இரண்டு வருடம், சனிக்கிழமை சாயங்காலமானால் ஓர் அம்மாள் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். கேட்டின் கம்பியைக்கூடத் தொடமாட்டார். நான் வாசலுக்கு வரும்வரை காத்திருந்து, "நான் நல்லா இருக்கேன்மா. இருமல் இல்ல. சாயங்காலத்துல உடம்பு காயல" என்பார். என் பதிலுக்கு நிற்காமல், குடையை ஊன்றிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார்.

அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்போது நான் அவரோடு பேசுவதையே விட்டிருந்தேன். என் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஹாஜர் கொடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்பார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "ஏன்ரீ, அந்தம்மா அவங்க ஆரோக்யத்த உங்களுக்கு ஏன் ரிப்போர்ட் பண்றாங்கோ? நீங்க டாக்டரா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை வருகிறது என்றாலே எரிச்சலாக இருக்கும். எரிச்சலுக்கு அடியில் பயம் கிடக்கும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மைசூரில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை சின்னது. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். வயதுக்கு அது பொருந்தாது. ஆனால் சபையில் எல்லாருக்கும் அவர் அக்காதான், ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகருக்குக்கூட. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த கணவர் இறந்தபின் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை.

அவரிடம் ஒரு குணம் உண்டு. தன் உடம்பில் பட்டுப் பார்க்காத எதையும் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். காபியை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரில் ஊற்றித் தருவார். குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரில் மற்றவர்கள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். அவர் முழங்கையை விடுவார், பிறகு கன்னத்தில் தெளித்துக்கொள்வார், அப்புறமும் திருப்தி இருக்காது. ஓர் அறுப்பின் பண்டிகையில், ஏலம் விடுவதற்காக யாரோ கொண்டுவந்த வாழைத்தாரில் ஒரு பழத்தைப் பிய்த்து, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில் உரித்துத் தின்றார். "கன்றிப் போகல. இப்போ ஏலம் விடுங்க, ஐயரே" என்றார். ஐயர் வேறுபக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

அந்த ஐயர் குடும்பம் எங்கள் சபைக்கு மாறி வந்தபோது நடந்ததும் நினைவிருக்கிறது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நாங்கள் பெண்களெல்லாம் போய் ஐயர் வீட்டைப் பெருக்கித் துடைத்தோம். நடுவில் அக்காவைக் காணவில்லை. தேடிப் போனால், ஐயருடைய கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு.

"என்னக்கா இது, நாளைக்கு ஐயர் படுக்கப்போற கட்டில்!"

"அதுக்குத்தான் படுத்திருக்கேன். கால்மாட்டுல ஒரு பலகை ஆடுது. சும்னே நிக்காதீங்க, ஆணி கொண்டாங்க."

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் மாதர் சங்கத்தின் கவுதி வேலை இருந்தது. கவுதி என்பது கன்னடச் சொல். மைசூர்த் தமிழர்கள் வீட்டில் அதுவே புழங்கும். பழைய புடவை, வேட்டிகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு, ஓரத்திலிருந்து நடு வரை நெருக்கமாக ஓட்டத் தையல் ஓடவிட்டால் கனத்த போர்வை ஆகும். சுதந்திரம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. துணிக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தின் பயம் யாருக்கும் போகவில்லை. கிழிந்த துணியைக்கூட யோசித்துத்தான் கொடுப்பார்கள். தேவராஜ மார்க்கெட் பக்கத்துத் தையல்காரர்களிடம் வெட்டுத்துண்டுகள் வாங்கி வருவோம். அரண்மனையில் சேவகம் செய்த ஒருவர் வீட்டிலிருந்து சரிகை உருவின தலைப்பாகைத் துணி வந்தது. மல் துணி, நீளமாக, மெல்லிசாக. உள் மடிப்புக்கு அதைப்போல ஒன்று பிறகு கிடைக்கவே இல்லை.

கவுதிகள் ஊருக்கு வெளியே இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும். அப்போது அந்த நோய்க்குக் காற்றுதான் பெரிய மருந்து. நோயாளிகளைத் திறந்த வராந்தாக்களில் வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். மார்கழியில் மைசூர்க் குளிர் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்த வராந்தாவில் ஒரு கனத்த போர்வை என்ன பெறும் என்பதும் தெரியும். மாதா மாதம் அக்காவே ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கட்டிலாகக் கொடுத்துவிட்டு வருவார். எங்களை வரவிடமாட்டார். "புள்ளகுட்டிக்காரிங்க நீங்க, இங்கயே தையுங்க" என்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பள்ளி ஹாலில் கூடுவோம். நான் டீச்சர் வேலையை விட்டிருந்தேன். மகள் பிறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளையும் தூக்கிக்கொண்டு போவேன். அவள் அங்கே போனதும் அக்காவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

அதுவரை முடிந்த கவுதி ஒவ்வொன்றையும் அக்காவே வீட்டுக்கு எடுத்துப்போய் ஓர் இரவு போர்த்திப் பார்ப்பார். உள்ளே குண்டூசி தங்கியிருக்கலாம், நூல் முடிச்சு உறுத்தலாம், ஒரு பக்கம் கட்டி தட்டியிருக்கலாம். "ஆனா என் தூக்கத்த நம்ப முடியல. வயசானவ, அலுப்புல சாக்கு மேலயும் தூங்கிடறேன். குழந்தைக்குத்தான் குத்தறது தெரியும்" என்றார். என் மகளை வாங்கி, முதலில் தான் புறங்கையால் கவுதி முழுக்கத் தடவிப் பார்த்து, அப்புறம் அதன்மேல் கிடத்தினார். குழந்தை புரண்டது, சிணுங்கியது, அழுதது. அக்கா அவளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தைத் தடவினார். நகக்கண் அளவு முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டது. "பாத்தீங்களா!" என்று ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து என் மகளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். ஹாலுக்குள் நுழையும்போதே, "இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க, எழுந்து நில்லுங்க" என்று யாராவது சொல்வார்கள். அவள் தூங்கி எழுந்த கவுதிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். எங்களுக்கும் அதில் ஒரு மனநிறைவு இருந்தது. ஒரு நல்ல தூக்கம் தூங்கிய போர்வை, தூக்கம் வராத ஒருவருக்குப் போகிறது என்று ஐயரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, ஜெபத்திலேயே சொல்லியிருக்கிறார். முதல் தூக்கம் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். "இதுக்கு முதல் தூக்கம் ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டுதான் மடித்து வைப்பார்கள்.

கிழிந்த கவுதிகளை ஆஸ்பத்திரியிலிருந்து தைப்பதற்குத் திருப்பி அனுப்புவார்கள். வெந்நீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்துத்தான் அனுப்புவதாகச் சொல்வார்கள். அங்கே போன ஒவ்வொரு கவுதியின் மூலையிலும் சிவப்பு நூலால் வார்டு எண் தைத்திருக்கும். அந்த மூட்டை ஹாலுக்குள் வரவே கூடாது என்பது அக்காவின் சட்டம். பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இறக்கிவைத்து, அவர் ஒருவரே அங்கே உட்கார்ந்து தைப்பார்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. ஜட்காக்காரன் கொட்டகை ஒழுகுகிறது என்று மூட்டையை ஹாலுக்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறான். முன்னாலேயே வந்த புதுப் பெண் ஒருத்தி, நல்ல எண்ணத்தில்தான், மூட்டையைப் பிரித்து ஈரம் காயக் காற்றுப்படப் பெஞ்சுகள் மேல் விரித்திருக்கிறாள். பக்கத்துப் பெஞ்சில் நாங்கள் தைத்த புதுக் கவுதிகள். நான் போனபோது மகள் தூக்கம் வந்து கத்திக்கொண்டிருந்தாள். அக்கா நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு, "வந்துட்டியா என் ராஜாத்தி, சும்னே அழாதே" என்று குழந்தையை என்னிடமிருந்து வாங்கினார். கைக்குக் கிடைத்த கவுதியை இழுத்துக் கீழே விரித்துக் கிடத்தினார். அன்றைக்கு மட்டும் தடவிப் பார்க்கவில்லை.

மகள் கிடத்தியவுடன் தூங்கிவிட்டாள். எந்தக் கவுதியிலும் அவள் அவ்வளவு சீக்கிரம் தூங்கியதில்லை. நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

"என்ன மெதுவு பாத்தியா!" என்றார் அக்கா. "பூ மாதிரி இருக்கு. யாரு தைச்சது இது?"

யாரும் நான்தான் என்று சொல்லவில்லை. அதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. மழைச் சத்தத்தில் பேசிக்கொண்டே தைத்தோம். குழந்தை ஒருக்களித்துப் படுத்து, கவுதியின் ஓரத்தை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு தூங்கினாள். பல் முளைக்கும் வயது.

அவள் எழுந்ததும் அக்காதான் தூக்கினார். வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டார். எடுத்த கை அப்படியே நின்றது. எச்சிலில் நனைந்திருந்த ஓரத்துக்குச் சற்றுத் தள்ளி, மூலையில் சிவப்பு நூல்.

அது ஏன் அத்தனை மெதுவாக, மெத்தென்று இருந்தது என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. யாரோ ஒருவர் பல மாதங்கள் அதன் அடியில் படுத்து, வியர்த்து, புரண்டு, அதை மெதுவாக்கியிருக்கிறார். இன்றைக்கும் கடையில் ஒரு போர்வையைத் தொட்டு மெதுவாக இருந்தால் நான் கையை எடுத்துவிடுகிறேன்.

என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. ஹாலில் இருந்த எல்லாரையும் பேசினேன், அக்காவை அதிகம் பேசினேன். ஐயரம்மா, "ஜெபம் பண்ணுவோம்மா, உக்காரு" என்றார். "நீங்க பண்ணுங்க, நான் டாக்டர்கிட்ட போறேன்" என்று மழையில் இறங்கினேன். அக்கா குடையோடு பின்னால் ஓடிவந்தார். "அத எரிச்சுடறேன்மா" என்று மட்டும் சொன்னார். நான் குடையை வாங்கவில்லை.

டாக்டர் நிதானமானவர். குழந்தையின் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். "இப்போ ஒண்ணும் தெரியாது. வந்தா மெல்லத்தான் வரும். இருமல் இருக்கான்னு பாருங்க. சாயங்காலத்துல உடம்பு காயுதான்னு பாருங்க. எடை குறையக் கூடாது. குழந்தை, வாயத் திறந்து சொல்லத் தெரியாது. நீங்கதான் கவனிக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை கவனிப்பதுதான். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பேன். என் கை சூடா, அவள் கழுத்து சூடா என்று குழம்பி, கணவரைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வேன். அவர் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றியிருக்கமாட்டார். அவள் தும்மினால் என் கையிலிருந்து பாத்திரம் விழும். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. குழந்தையைத் தூங்கவைக்கும் வழக்கமும் அத்தோடு நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை வருகைகள் அந்த மாதமே தொடங்கின. முதல் தடவை, மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றியும் கேட்கவில்லை. "நான் நல்லா இருக்கேன்மா" என்றார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான். சில வாரம், "எடை போட்டுப் பாத்தேன், ரேஷன் கடைத் தராசுல. குறையல" என்பார். டாக்டர் என் குழந்தைக்காகச் சொன்ன அடையாளங்களையே இவர் தன்னைப் பற்றி ஒப்பிக்கிறார் என்பது எனக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். தட்டுப்படவில்லை. வயதாகி மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் வந்த இரண்டாவது மழைக்காலம் அது. எரிச்சல் தீர்ந்தது என்று இருக்கவேண்டிய எனக்கு, இருட்டும்வரை வாசலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாலையின் எதிர்ப்பக்கம் ஹொங்கே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார். நான் கேட்டைத் திறந்தேன். கிட்டே வராதே என்று கையைக் காட்டினார்.

"பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார், சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தமாக. "படம் எடுத்துப் பாருங்க. இன்னிக்கே."

"ஏன்? என்ன ஆச்சு?"

"எனக்கு ரெண்டு வாரமா சாயங்காலமானா உடம்பு காயுது. போன வாரம் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். சளின்னு நெனச்சுட்டேன்."

உங்களுக்குக் காய்ந்தால் என் குழந்தையை எதற்குக் காட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பயத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அதைக் கழுவி, காயவைத்து, டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்வரை என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சிவந்து கன்றிப்போகும்படி பிடித்திருந்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

அக்காவின் நெஞ்சுப் படம் அப்படி இல்லை. அவர் மாதா மாதம் கவுதிகளைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தார்கள். ஐயரம்மா என்னிடம் வந்து, "அவங்களுக்கு மாத்துப் புடவை கொஞ்சம் எடுத்துட்டுப் போகணும். தனியாப் போக என்னவோபோல இருக்கு, நீயும் வர்றியா?" என்று கேட்டார். போனேன்.

ஒற்றை அறை. துடைத்துவிட்டதுபோல இருந்தது. மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, ஆணியில் குடை, சுவரோரம் கட்டில். கட்டிலின்மேல் ஒரு கவுதி விரித்திருந்தது. ஐயரம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நான் கவுதியின் மூலையைப் பார்த்தேன். சிவப்பு நூல்.

எரித்துவிடுகிறேன் என்று சொன்ன கவுதி. என் குழந்தை சப்பிய ஓரம் எதுவென்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் பச்சைப் பூப்போட்ட சீட்டித் துண்டு ஒன்று இருந்தது. அந்த ஓரம் தலைமாட்டில் இருந்தது, தூங்குபவரின் வாய் வருகிற இடத்தில். பச்சைப் பூ வெளுத்துப்போயிருந்தது.

இரண்டு வருடச் சனிக்கிழமைகளும் அந்த அறையில் ஒரே சமயத்தில் என் காதில் கேட்டன.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனேன். வராந்தாவின் கடைசிக் கட்டில். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன்; அதற்குமேல் வர அவர் விடவில்லை. மெலிந்திருந்தார். போர்த்தியிருந்தது எங்கள் கவுதிதான். உள் மடிப்பில் தலைப்பாகைத் துணி வைத்துத் தைத்தது, ஓரத்துத் தையல் என் கை.

"பாப்பா படம்?" என்றார்.

"சுத்தமா இருக்காம்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

"வேற எப்படித் தெரியும்? குழந்தைக்கு உள்ள என்ன ஆகுதுன்னு சொல்லத் தெரியாதேம்மா. எனக்குச் சொல்லத் தெரியும். அதே துணி, அதே ஓரம். எனக்கு வந்தா உடனே உங்கிட்ட வந்து சொல்லலாம். எனக்கு வராத வரைக்கும் அவளுக்கும் வராது."

"துணியில வராதுன்னு டாக்டர் சொல்றாருக்கா. மூச்சுலதான் வருமாம். நீங்க மாசா மாசம் இங்க வந்தீங்கல்ல, இந்தக் கட்டில்கள்கிட்ட நின்னு பேசிட்டு, அதுல வந்திருக்குங்கறாரு. அந்தக் கவுதியால பாப்பாவுக்கு எப்பவுமே எதுவும் ஆகியிருக்காதாம்."

அக்கா ஒரு பக்கமாகச் சிரித்தார். அன்றைக்கு ஐயருடைய கட்டிலில் படுத்துக்கொண்டு ஆணி கேட்டாரே, அதே முகம்.

"டாக்டர் சொல்வாரு. அவர் போர்த்திப் பாத்தாரா?"

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை.

என் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது, பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். போன வாரம் லீவில் வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ஒரு மாசமா எனக்கு நெஞ்சு வார்டு டியூட்டிம்மா. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாத்தித் தரமாட்டாங்களா?" என்றேன்.

"எதுக்கு? யாராவது பாத்துக்கணும்ல? இப்போ மருந்து இருக்கும்மா, முன்ன மாதிரி இல்ல." கையைக் கழுவிக்கொண்டே திரும்பி, "ஏன் இப்படிப் பாக்கறே? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் என்னையறியாமல் வாசலைப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. அன்று முதல் ஒரு நாளைக்குப் பலமுறை அந்தக் கேட்டைப் பார்க்கிறேன்.

அவள் ஊருக்குப் போகும்போது விடுதிப் போர்வையைத் துவைப்பதற்கு விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் மத்தியானம் அண்டாவில் வெந்நீர் வைத்தேன். கொதிக்கட்டும் என்று போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருந்தவள் படுத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்தேன். அவள் வாய்ப்பக்கம் வரும் ஓரம் எது என்று தேடி, அதை மேலே திருப்பிவைத்துக்கொண்டேன்.

துணியில் வராது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அண்டாவில் தண்ணீர் கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. நான் எழுந்திருக்கவில்லை.

போர்வையை இன்னும் துவைக்கவில்லை. வரும் சனிக்கிழமை பெங்களூருக்கு ரயில் ஏறலாம் என்றிருக்கிறேன். விடுதியின் கேட்டுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட்டனுப்பவேண்டும். எதற்காக இவ்வளவு தூரம் வந்தாய் என்று கோபித்துக்கொள்வாள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றாது. நானாகத்தான் சொல்லிவிட்டு வரவேண்டும்.